டி.வி. செய்தி மீது அமெரிக்கச் சிப்பாய்க்கு என்ன கோபம்?

2015 ஜனவரி 30 அன்று என்பிசி தொலைக்காட்சியின் இரவுச் செய்தியில் பிரையன் வில்லியம்ஸ் ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னார். 2003-இல் ஈராக் போர் தொடங்கிய சமயம், தான் பயணம் செய்த ஹெலிகாப்டரை ராக்கெட் குண்டு தாக்கியது, அது பாலைவனத்தில் இறங்க வேண்டியதாயிற்று என்றார். அடிபட்ட ஹெலிகாப்டரில் உண்மையிலேயே இருந்த வீரர்கள் இதைக் கேள்விப்பட்டார்கள். வில்லியம்ஸ் தங்களோடு இல்லை, பின்னால் வந்த வேறொரு ஹெலிகாப்டரில்தான் வந்தார் என்றார்கள். ராணுவத்தினருக்காக வெளிவரும் ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்’ நாளிதழ் அவர்களை விசாரித்து எழுதியது. பிப்ரவரி 4 அன்று வில்லியம்ஸ் மன்னிப்புக் கேட்டார். ஆறு மாதம் சம்பளமில்லாமல் வெளியே வைத்தார்கள். அந்தச் செய்தி வாசிக்கும் நாற்காலி அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

அமெரிக்கப் படையில் இருக்கும் ஒரு கன்சர்வேடிவிடம் டி.வி. செய்தியைப் பற்றிக் கேட்டால் அநேகமாக இந்தக் கதை வரும். கதை உண்மைதான். அது எதற்கு ஆதாரம் என்பதில்தான் சிக்கல். வில்லியம்ஸ் செய்தது தற்பெருமை. தன்னையும் போர் முனையில் நின்றவனாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டாரே தவிர, ராணுவத்தை இழிவுபடுத்தவில்லை. ஆனாலும் வீரரின் மனதில் இது ‘லிபரல் மீடியாவின் பொய்கள்’ என்ற கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அந்தக் கணக்கில் வேறு வேறு வகையைச் சேர்ந்த புகார்கள் கிடக்கின்றன. விவரம் தெரியாமல் பேசுகிறார்கள் என்பது ஒன்று. நல்லதை விட்டுக் கெட்டதை மட்டும் காட்டுகிறார்கள் என்பது இன்னொன்று. சரிபார்க்காமல் அபாண்டம் சுமத்துகிறார்கள் என்பது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் அடியில், களத்தில் நாங்கள் ஜெயித்த போரை நீங்கள் வரவேற்பறையில் தோற்கடித்தீர்கள் என்ற பெரும் குற்றச்சாட்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்கவும் முடியாது, ஒரே மூச்சில் தள்ளவும் முடியாது.

முதலில் இந்த வீரர் யார் என்று பார்த்துவிடலாம். ராணுவம் முழுக்க, கன்சர்வேடிவ்களின் கட்சியான குடியரசுக் கட்சிக்காரர்கள் என்றொரு பொது எண்ணம் உண்டு. அதிகாரிகள் வட்டத்தில் அதில் உண்மை இருந்தது. அரசியல் அறிஞர் ஓலே ஹோல்ஸ்டி ராணுவத் தலைமையிடம் நடத்திய ஆய்வுகளில், தன்னைக் குடியரசுக் கட்சிக்காரர் என்று சொன்னவர்கள் 1976-இல் 33 சதவீதம். 1996-இல் 67 சதவீதம். இருபது வருடத்தில் இரண்டு மடங்கு. ஆனால் சாதாரணச் சிப்பாய்களின் கதை வேறு. தானே ராணுவ அதிகாரியாக இருந்த ஜேசன் டெம்ப்சி தரைப்படையினரிடம் ஆய்வு நடத்தி 2010-இல் ‘அவர் ஆர்மி’ என்ற நூலை எழுதினார். கீழ்நிலை வீரர்களின் அரசியல் கருத்துகள் பொதுமக்களின் கருத்துகளோடு பெரிதும் ஒத்துப்போகின்றன, அதிகாரிகள்தான் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்பது அவர் கண்டது. எனவே இங்கே நாம் பேசும் ஆள் படையில் கணிசமான ஒரு பகுதி; படை முழுவதும் அல்ல.

அவர் எவ்வளவு தூரம் வாய் திறக்கலாம் என்பதற்கும் சட்டம் இருக்கிறது. ராணுவ நீதிச் சட்டத்தின் 88-ஆவது பிரிவின்படி, அதிகாரி நிலையில் உள்ளவர் அதிபரையோ துணை அதிபரையோ நாடாளுமன்றத்தையோ பாதுகாப்பு அமைச்சரையோ இகழ்ந்து பேசினால் ராணுவ நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரும். பாதுகாப்புத் துறையின் 1344.10 என்ற ஆணை எல்லா நிலை வீரர்களுக்கும் பொருந்தும். ஓட்டுப் போடலாம், சொந்தக் கருத்தைச் சொல்லலாம், பத்திரிகைக்குக் கடிதம் எழுதலாம், காரில் கட்சி ஸ்டிக்கர்கூட ஒட்டலாம். சீருடையோடு கட்சிக் கூட்டத்துக்குப் போகக்கூடாது. ராணுவத்தின் சார்பில் பேசுவதுபோல் பேசக்கூடாது. இந்தப் பட்டியலில் செய்தி வாசிப்பவரைத் திட்டக்கூடாது என்று எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தனக்குப் பிடிக்காத அதிபரைப் பற்றி ஒரு மேஜர் உணவுக்கூடத்தில் வாய்விட்டுப் பேச முடியாது. அந்த அதிபரைப் புகழும் சேனலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். டி.வி. மீதான கோபத்தில் ஒரு பங்கு, வேறு எங்கும் போக வழியில்லாத அரசியல் கோபம் என்பது என் அனுமானம்.

இனி அந்தப் பெரும் குற்றச்சாட்டு. அதன் பிறப்பிடம் வியட்நாம்.

1965 ஆகஸ்டில் காம் நே என்ற கிராமத்தில் அமெரிக்க மரீன் படையினர் சிகரெட் லைட்டரால் கூரைகளுக்குத் தீ வைப்பதை சிபிஎஸ் நிருபர் மோர்லி சேஃபர் படமெடுத்து அனுப்பினார். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அமெரிக்க வீடுகளில் அது ஓடியது. 1968 ஜனவரி இறுதியில், டெட் எனும் வியட்நாமியப் புத்தாண்டின்போது, கம்யூனிஸ்ட் படைகள் தென்வியட்நாம் நகரங்களை ஒரே நேரத்தில் தாக்கின. சைகோனில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் வளாகத்துக்குள்ளும் புகுந்தார்கள். கட்டடத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள் என்று முதலில் வந்த செய்தி தவறு. வளாகச் சுவரைத்தான் தாண்டியிருந்தார்கள். ராணுவக் கணக்கில் டெட் தாக்குதல் தொடுத்தவர்களுக்குப் பேரிழப்பு. தெற்கின் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட்காங் படை அதற்குப் பிறகு பழைய பலத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் பிப்ரவரி 27 அன்று, நாடே நம்பிய வால்டர் கிரான்கைட் வியட்நாம் போய்வந்து, இந்தப் போர் முட்டுச்சந்தில் நிற்கிறது, பேச்சுவார்த்தைதான் வழி என்று சிபிஎஸ்ஸில் சொன்னார். கிரான்கைட் யாரென்றால், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மீது குண்டு வீசப் போன விமானத்தில் ஏறிப் போய் எழுதியவர். அவரைப் போருக்குப் பயந்த ஆள் என்று ஒதுக்க முடியாது; அதனாலேயே வலி அதிகம்.

அன்றைய இளம் அதிகாரிகள் இதிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டார்கள்: ஜெயித்த சண்டையை டி.வி. தோல்வியாக்கியது. அந்தப் பாடம் ராணுவப் பள்ளிகளில் அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்தது. இதற்கு அரசியல் மொழி கொடுத்தவர் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ. 1969 நவம்பர் 13 அன்று டெமாயின் நகரில் பேசியபோது, யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு சிறு கூட்டம் நாட்டுக்கு எது செய்தி என்று முடிவு செய்கிறது என்று தாக்கினார். இந்தத் தாக்குதலை மூன்று சேனல்களும் நேரலையாக ஒளிபரப்பின என்பது ஒரு வேடிக்கை.

இந்தப் பாடத்துக்குச் சாட்சி எவ்வளவு? அந்த அதிகாரிகள் பக்கத்தில் பீட்டர் பிரேஸ்ட்ரப் இருக்கிறார். கொரியப் போரில் மரீனாக இருந்து பிறகு நிருபரானவர். டெட் பற்றிய செய்திகளை வரிவரியாக ஆராய்ந்து, 1977-இல் ‘பிக் ஸ்டோரி’ என்ற பெரிய நூலில், முதல் அதிர்ச்சியில் செய்த தவறுகளை ஊடகங்கள் திருத்திக்கொள்ளவே இல்லை என்று காட்டினார். அது வலுவான வேலை. ஆனால் செய்தி தவறாக இருந்தது என்பதும், செய்தியால் போர் தோற்றது என்பதும் ஒன்றல்ல. போரில் இறங்கியது தவறு என்று சொன்னவர்கள் 1967 அக்டோபர் கேலப் கணிப்பிலேயே 47 சதவீதம். தவறில்லை என்றவர்கள் 44. டெட் நடப்பதற்கு மூன்று மாதம் முன்பே தராசு சாய்ந்துவிட்டது. ஜான் மியூலர் என்ற அறிஞர் கொரியப் போரையும் வியட்நாமையும் ஒப்பிட்டார். கொரியப் போரின்போது டி.வி. செய்தி பெரிதாக இல்லை, தணிக்கையும் இருந்தது. ஆனாலும் பிணங்கள் கூடக்கூட மக்கள் ஆதரவு ஏறக்குறைய ஒரே விதத்தில்தான் சரிந்திருக்கிறது. இதைவிடக் கூர்மையான சாட்சி ராணுவத்துக்குள்ளிருந்தே வந்தது. தரைப்படையின் சொந்த வரலாற்று மையத்துக்காக வில்லியம் ஹேமண்ட் எழுதி 1988-இல் வெளியான அதிகாரப்பூர்வ வரலாறு, ஆதரவைக் கரைத்தது உயிரிழப்புதான், செய்தி அல்ல என்றது; நிருபர்கள் எழுதியது பல சமயம் அரசின் அறிக்கைகளைவிடத் துல்லியமாக இருந்தது என்றும் ஒப்புக்கொண்டது. ராணுவமே அச்சிட்ட இந்த நூலைப் படித்த வீரர்கள் குறைவு. அந்தப் பழைய பாடம்தான் எல்லோருக்கும் மனப்பாடம்.

பாடத்துக்குச் செயல்வடிவமும் வந்தது. 1983 அக்டோபரில் அமெரிக்கப் படை கிரெனடா தீவில் இறங்கியபோது முதல் இரண்டு நாள் நிருபர்களைக் கரைக்கே விடவில்லை. கூச்சல் எழுந்ததும் ஒரு குழு போட்டார்கள். தேர்ந்தெடுத்த சில நிருபர்களை மட்டும் அழைத்துப் போய், அவர்கள் எடுத்ததை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் முறை வந்தது. 1991 வளைகுடாப் போரில் அந்த முறையைப் பத்திரிகையாளர்கள் சபித்தார்கள். 2003-இல் ஈராக்கில் நிலைமை தலைகீழானது. 600-க்கும் மேற்பட்ட நிருபர்கள் படைப்பிரிவுகளோடு சேர்ந்தே பயணம் செய்தார்கள். ஒரே லாரியில் தூங்கி, ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள் அந்த வீரர்களைப் பற்றிப் பரிவோடு எழுதினார்கள். அந்த நிருபர்களைப் பற்றி வீரர்களிடமும் அவ்வளவு புகார் இல்லை. கோபம் முழுக்க நியூயார்க்கில் உட்கார்ந்து பேசியவர்கள் மீதுதான்.

உறுதியான புகார்களைப் பார்க்க வேண்டுமென்றால் 1998-க்குப் போக வேண்டும். அந்த ஜூனில் சிஎன்என், ‘டைம்’ பத்திரிகையோடு சேர்ந்து ஒரு புலனாய்வை ஒளிபரப்பியது. 1970-இல் லாவோஸில் நடந்த ‘டெயில்விண்ட்’ என்ற ரகசிய நடவடிக்கையில் அமெரிக்கச் சிறப்புப் படையினர் சாரின் விஷவாயுவைப் பயன்படுத்தினார்கள், அதுவும் தப்பியோடிய சொந்த நாட்டு வீரர்களைக் கொல்ல என்பது அதன் சாரம். இதைவிடக் கொடிய பழி ஒரு வீரர் மீது சுமத்த முடியாது. அங்கே இருந்த முன்னாள் வீரர்கள் கொதித்தார்கள். தங்கள் ஆவணங்களையும் நினைவுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒளிபரப்பை அக்கக்காகப் பிரித்தார்கள். சிஎன்என்னின் ராணுவ ஆலோசகராக இருந்த ஓய்வுபெற்ற விமானப்படை ஜெனரல் பெரி ஸ்மித் பதவியை உதறினார். சேனலே வைத்த வழக்கறிஞர் ஃபிளாய்ட் ஏப்ரம்ஸ், சொன்னதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். ஜூலை தொடக்கத்தில் சிஎன்என் செய்தியைத் திரும்பப் பெற்றது. தயாரிப்பாளர்கள் இருவரை வேலையை விட்டு அனுப்பியது. ஆனாலும் தாங்கள் சொன்னது சரி என்றே அவர்கள் தொடர்ந்து வாதிட்டார்கள்.

2004 செப்டம்பர் 8 அன்று சிபிஎஸ்ஸின் டான் ராதர், அதிபர் புஷ் இளமையில் தேசியக் காவல் படையில் சலுகை பெற்றார் என்று காட்டும் சில கடிதங்களை ஒளிபரப்பினார். தேர்தலுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. 1970-களின் தட்டச்சில் அப்படி எழுத்து விழுமா என்று சில மணி நேரத்திலேயே கேள்வி எழுந்தது. கடிதங்கள் அசல்தான் என்று சிபிஎஸ்ஸால் நிறுவ முடியவில்லை. ராதர் அந்த மாதமே வருத்தம் தெரிவித்தார். அடுத்த ஜனவரியில் தயாரிப்பாளர் வேலை இழந்தார். இந்த இரண்டிலும் கன்சர்வேடிவ் வீரரின் கோபத்தோடு நான் முழுக்க உடன்படுகிறேன். ஒரு கதை தனக்குப் பிடித்தமானதாக இருக்கும்போது செய்தி அறை கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை.

ஏன் பிடித்தமானதாக இருந்தது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. இண்டியானா பல்கலைக்கழகத்தினர் 2013-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர்களிடம் எடுத்த கணக்கில் தன்னை ஜனநாயகக் கட்சிக்காரர் என்றவர்கள் 28 சதவீதம், குடியரசுக் கட்சிக்காரர் என்றவர்கள் 7 சதவீதம். பாதிப் பேர் எந்தக் கட்சியும் இல்லை என்றார்கள். கூடவே, கட்டாய ராணுவச் சேவை 1973-இல் நின்றபின் சீருடை போட்ட அனுபவம் உள்ளவர்கள் செய்தி அறைகளில் அருகிப்போனார்கள். விவரமில்லாப் பேச்சு என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது: கவசம் போட்ட வண்டியெல்லாம் டாங்கி, மரீனையும் ‘சோல்ஜர்’ என்பது, மேஜருக்கும் சார்ஜென்ட் மேஜருக்கும் வித்தியாசம் தெரியாமல் பேட்டி எடுப்பது. வெளியாருக்கு இவை அற்ப விஷயங்கள். வீரருக்கு அப்படியில்லை. தெரிந்த விஷயத்தில் இவ்வளவு தப்பு விடுகிறவன், தெரியாத விஷயத்தில் என்னவெல்லாம் விட்டிருப்பான் என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்வி.

கெட்டதையே காட்டுகிறார்கள் என்ற புகார் இவ்வளவு நேரானதல்ல. ஈராக்கில் பணியாற்றியவர்கள் ஓயாமல் சொன்னது இது: நாங்கள் பள்ளிக்கூடம் கட்டினோம், கிணறு வெட்டினோம், ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தோம், டி.வி.யில் வந்ததெல்லாம் சாலையோரக் குண்டு. உண்மை. ஆனால் ஒழுங்காக ஓடிய பஸ் எந்த ஊரிலும் செய்தியாவதில்லை, கவிழ்ந்த பஸ்தான் செய்தி. அது கேமராவின் பசி. ஃபாக்ஸ் நியூஸும் அதே குண்டைத்தான் காட்டியது.

2004 ஏப்ரல் கடைசியில் இரண்டு நாள் இடைவெளியில் நடந்த இரண்டு ஒளிபரப்புகள் இந்தப் பிளவை நன்றாகக் காட்டும். 28-ஆம் தேதி ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளை வதைத்த படங்களை சிபிஎஸ் வெளியிட்டது. முப்படைத் தளபதி ரிச்சர்ட் மயர்ஸ் கேட்டுக்கொண்டதால் இரண்டு வாரம் நிறுத்தி வைத்திருந்த செய்தி அது. எத்தனையோ ஆயிரம் பேர் ஒழுங்காக நடந்துகொண்டபோது ஒரு சிலரின் அக்கிரமத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள் என்று வீரர்கள் மனம் நொந்தார்கள். அந்தப் படங்களை மேலிடத்தில் ஒப்படைத்து விசாரணையைத் தொடங்கி வைத்தவரும் ஒரு சிப்பாய்தான் என்பதை அந்த வருத்தத்தில் பலர் மறந்தார்கள். 30-ஆம் தேதி ஏபிசியின் டெட் காப்பல், ஈராக்கில் மாண்ட 700-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை வேறெதுவும் பேசாமல் ஒவ்வொன்றாக வாசித்தார். இது அஞ்சலியா, போர் எதிர்ப்புப் பிரசாரமா? பிரசாரம்தான் என்றது சின்க்ளேர் நிறுவனம். தன் கையில் இருந்த ஏபிசி நிலையங்களில் நிகழ்ச்சியை நிறுத்தியது. அதைக் கண்டித்துக் கடிதம் எழுதியவர் ஜான் மெக்கெய்ன்: குடியரசுக் கட்சி செனட்டர், வியட்நாமில் ஐந்தரை வருடம் போர்க் கைதியாகக் கிடந்தவர், ஈராக் போரை ஆதரித்தவர். செத்தவர்களின் பெயரைக் கேட்பது மக்களின் கடமை என்பது அவர் வாதம். கன்சர்வேடிவ் வீரரின் கருத்து என்று ஒரே கருத்து கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் பட்டியலில் வழக்கமாக விட்டுப்போகும் சில தவறுகளும் உண்டு. 2003-இல் ஈராக்கில் பிடிபட்ட சிப்பாய் ஜெசிக்கா லிஞ்ச் கடைசிக் குண்டுவரை சுட்டுப் போராடினார் என்று ஊடகங்கள் கொண்டாடின. மீட்புக் காட்சியை ராணுவமே படமெடுத்துக் கொடுத்தது. 2007-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, நான் ஒரு குண்டுகூடச் சுடவில்லை, ஏன் என்னைப் பற்றிப் பொய் சொன்னார்கள் என்று கேட்டவர் லிஞ்சேதான். அமெரிக்கக் கால்பந்து வாழ்க்கையை விட்டுப் படையில் சேர்ந்த பேட் டில்மேன் 2004-இல் ஆப்கானிஸ்தானில் எதிரியோடு போரிட்டு மாண்டார் என்று அவருடைய நினைவுக் கூட்டம் நேரலையில் ஓடியது. அவர் மீது பாய்ந்தது சொந்தப் படையின் குண்டு என்பது வாரங்கள் கழித்துத்தான் அவர் குடும்பத்துக்கே தெரிந்தது. டி.வி.யில் நடுநிலை நிபுணர்களாகத் தோன்றிய ஓய்வுபெற்ற ஜெனரல்கள் பலருக்குப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகன் தனியாகப் பேசுபொருள் கொடுத்து அனுப்பியதை 2008-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளிக்கொண்டு வந்தது. இவையும் சரிபார்க்காமல் ஒளிபரப்பிய கதைகளே. சாய்வு மட்டும் எதிர்ப்பக்கம்.

ஒரு பக்கத் தவறு கண்ணில் படுவதும் மறுபக்கம் படாமல் போவதும் சிப்பாய்க்கு மட்டும் உள்ள குணமல்ல. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வல்லோன், ராஸ், லெப்பர் மூவரும் 1985-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 1982 பெய்ரூட் படுகொலை பற்றிய ஒரே டி.வி. செய்தித் தொகுப்பை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். இரு தரப்பும், இது எங்களுக்கு எதிராகத் திரிக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். விஷயத்தில் எவ்வளவு ஈடுபாடோ அவ்வளவு சந்தேகம். தோழனைக் களத்தில் இழந்தவரின் ஈடுபாட்டை இதில் வைத்துப் பார்த்தால் அவருடைய காது ஏன் அவ்வளவு கூர்மை என்று விளங்கும்.

நாட்டின் மனநிலையும் அவரைச் சுற்றி மாறியிருக்கிறது. வாட்டர்கேட் ஊழல் முடிந்திருந்த 1976-இல் செய்தி ஊடகங்களை நம்பியவர்கள் கேலப் கணக்கில் 72 சதவீதம், 2024-இல் 31. குடியரசுக் கட்சிக்காரர்களிடம் மட்டும் கேட்டால் 12. இடையில் ஒளிபரப்பாளர்கள் இரு தரப்பையும் காட்ட வேண்டும் என்ற அரசு விதி 1987-இல் போனது. 1996 அக்டோபரில் ஃபாக்ஸ் நியூஸ் வந்தது. கன்சர்வேடிவ் வீரருக்கு வீடு மாதிரி ஒரு சேனல் கிடைத்தது. வெளிநாட்டுத் தளங்களில் ராணுவத்தின் சொந்த ஒளிபரப்பான ஏஎஃப்என் பல சேனல்களின் நிகழ்ச்சிகளையும் விளம்பரம் இல்லாமல் கலந்து கொடுக்கிறது. அங்கும் எந்தத் தரப்புக் குரலுக்கு எவ்வளவு இடம் என்ற சண்டை நாடாளுமன்றம்வரை போயிருக்கிறது. அதன் வானொலியில் கன்சர்வேடிவ் பேச்சாளர் ரஷ் லிம்பாவுக்கு இடம் கொடுத்துவிட்டு எதிர்க் குரலுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று 2004-இல் செனட்டர் டாம் ஹார்கின் கேட்டார்.

2025 ஜனவரியில் புகார் சொல்பவரே பொறுப்பில் அமர்ந்தார். பாதுகாப்பு அமைச்சரான பீட் ஹெக்செத், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றிய தேசியக் காவல் படை அதிகாரி; அமைச்சராகும் முன் ஃபாக்ஸின் வார இறுதி நிகழ்ச்சித் தொகுப்பாளர். என்பிசி உட்படச் சில பழைய நிறுவனங்கள் பென்டகனில் வைத்திருந்த அறைகளை அவர் துறை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிக் கொடுத்தது. அந்த அக்டோபரில் புதிய விதிகள் வந்தன. அனுமதியில்லாத தகவலைக் கேட்டுப் பெறும் நிருபர் பாதுகாப்புக்கு ஆபத்தானவராகக் கருதப்பட்டு நுழைவு அட்டையை இழக்கலாம் என்பது அவற்றின் உள்ளடக்கம். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, சிஎன்என் நான்கும் கையெழுத்திட மறுத்தன. ஐந்தாவதாக அதே கூட்டறிக்கையில் ஃபாக்ஸ் நியூஸும் சேர்ந்துகொண்டது. ஒன் அமெரிக்கா நியூஸ் போன்ற சிலவே ஒப்புக்கொண்டன. மற்றவர்கள் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்கள்.

வெளியேறியவர்களில் பலர் வருடக்கணக்காக அந்த நடைபாதைகளில் அதிகாரிகளை நிறுத்திக் கேள்வி கேட்டவர்கள். டாங்கிக்கும் கவச வண்டிக்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள். விவரமில்லாமல் பேசுகிறார்கள் என்ற புகார், எல்லாப் புகார்களிலும் நியாயமானது. அதைத் தீர்க்கக்கூடிய ஆட்கள்தான் அன்று கட்டடத்தை விட்டு வெளியே போனார்கள்.